சோடா பாட்டில் ராக்கெட்டும் சிவப்புக் கொடியும்

பத்திலிருந்து பூஜ்யம் வரை தலைகீழாக எண்ணத் தெரியாத பிள்ளை ஐந்தாம் வகுப்பில் உண்டா? ஜானட்டுக்கும் நன்றாகவே தெரியும். அதோடு, ராயபுரத்தில் அவள் குரலுக்கு ஈடே கிடையாது. மாடியில் நின்று கூப்பிட்டால் தெருமுனையில் விளையாடும் தம்பி ஜெரி பந்தைப் போட்டுவிட்டு ஓடி வருவான். அப்படிப்பட்டவளைப் போய் வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள்!

சொன்னவர்கள் விண்வெளி ஓய்வூதியர் சங்கத்துத் தாத்தாக்கள். எல்லோரும் ராக்கெட் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர்கள். ஜானட்டின் தாத்தா அம்புரோஸ் ஸ்ரீஹரிகோட்டாவில் கிரேன் ஓட்டியவர். சங்கத்தின் ஆண்டு விழாவில் எல்லோருக்கும் ரத்த அழுத்தம் பார்ப்பார்கள். எண்பது வயதானவர்களுக்குச் சால்வை போர்த்துவார்கள். கடைசியில் ஒரு ராக்கெட்டும் விடுவார்கள்.

ராக்கெட் என்றதும் வாயைப் பிளக்க வேண்டாம். அது ஒரு பெரிய சோடா பாட்டில். கொஞ்சம் தண்ணீர் ஊற்றி, சைக்கிள் பம்பால் காற்றடித்து, கயிற்றை இழுத்தால் சர்ரென்று மேலே போகும். அதற்கு முன்னால் மைக்கில் பத்திலிருந்து பூஜ்யம் வரை எண்ண ஒரு பேரப்பிள்ளை வேண்டும். அதற்குத்தான் குரல் தேர்வு.

தேர்வில் ஜானட் ஒரே மூச்சில் எண்ணித் தள்ளினாள்.

"இன்னாம்மே, ராக்கெட்டு இன்னும் எய்ந்து பல்லே வெளக்கல. அதுக்குள்ள மேல அனுப்பிட்டியே!" என்று சிரித்தார் அம்புரோஸ். சொந்தத் தாத்தாவே இப்படிச் சொன்னால் என்ன செய்வது?

அடுத்து வந்த மகிமா, கடிகாரம் நகர்கிற மாதிரி நிதானமாக எண்ணினாள். அவள் தாத்தா வெள்ளத்துரை தெற்கே மகேந்திரகிரியில் வேலை பார்த்தவர். குடும்பத்தோடு இங்கே சென்னையில் டோல்கேட் பக்கம் குடிவந்து ஒரு மாதம்கூட ஆகவில்லை. அதற்குள் மைக் அவளுக்காம்! ஜானட்டுக்கு வயிறு பற்றி எரிந்தது.

சங்கத் தலைவர் கிருஷ்ணப்பன் அவளிடம் ஒரு சிவப்புக் கொடியைக் கொடுத்தார்.

"நீதான் பாதுகாப்பு அதிகாரி. ஏதாவது சரியில்லைன்னு தோணினா கொடியைத் தூக்கி 'ஹோல்ட்'னு கத்தணும். உடனே எல்லாம் அப்படியே நிக்கும். எங்க காலத்துல ஹோல்ட் சொன்னவங்களை யாரும் திட்ட மாட்டோம். ஆனா காரணம் மட்டும் கேப்போம். இன்னொண்ணு, மகிமாவால முடியலைன்னா நீதான் எண்ணணும்."

கடைசி வாக்கியம் மட்டும் ஜானட்டின் காதில் தேனாகப் பாய்ந்தது. மகிமாவால் முடியாமல் போகட்டும். போக வேண்டும்!

விழா நாள் வந்தது. விம்கோ நகர்ப் பள்ளி மைதானம் நிறையக் கூட்டம். வெளியே சேமியா ஐஸ் வண்டி. அதைப் பார்த்ததும் ஜானட்டின் மண்டைக்குள் ஒரு யோசனை ஓடியது. ஐஸ் சாப்பிட்டால் தொண்டை கட்டும். தொண்டை கட்டினால் மைக் யாருக்கு?

ஓடிப்போய் ஒன்று வாங்கி வந்து மகிமாவிடம் நீட்டினாள். "இந்தா, துண்ணு. சூப்பரா கீது."

மகிமாவின் கண்கள் பெரிதாயின. "எனக்கா? இந்த ஊருக்கு வந்ததுல இருந்து யாருமே எனக்கு ஒண்ணும் வாங்கித் தந்ததில்ல. கிளாஸ்ல நான் எங்கூருப் பேச்சு பேசுனாலே சிரிக்காவ. நீதான் மொதல்ல தந்திருக்க." கடைசிச் சொட்டு வரை நக்கிச் சாப்பிட்டாள்.

ஜானட்டுக்கு என்னவோ போலிருந்தது. ஆனாலும் மகிமாவின் தொண்டையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

மாலையில் தாத்தாக்கள் வரிசையாக நாற்காலிகளில் உட்கார்ந்தார்கள். நிஜ ராக்கெட்டுக்கு ஆகிற எல்லாச் சடங்கும் இந்த பாட்டிலுக்கும் உண்டு.

"தண்ணீர்?" என்று கேட்டார் கிருஷ்ணப்பன்.

"தயார்!"

"கயிறு?"

"ரெடியா கீது!" என்றார் கயிற்றைப் பிடித்திருந்த அம்புரோஸ்.

"பிரஷர்?"

"மாத்திரை போட்டாச்சு!" என்றார் வெள்ளத்துரை.

"உங்க பிரஷர் இல்லைங்க, பாட்டில் பிரஷர்!"

கூட்டம் சிரித்து ஓய்ந்ததும் மகிமா மைக்கின் முன்னால் போய் நின்றாள்.

"பத்து... ஒம்பது... எட்டு..."

முன்வரிசையில் யாரோ அவள் பேசுவதைப் போலவே பேசிக் காட்டினார்கள். களுக்கென்று ஒரு சிரிப்பு.

"ஏழு..."

அதோடு சரி. மகிமாவின் உதடு அசைந்தது, சத்தம் வரவில்லை. கண்ணில் நீர் முட்டிக்கொண்டு நின்றது.

ஜானட் ஆசைப்பட்டது அப்படியே நடந்துவிட்டது! இன்னும் கொஞ்ச நேரம் சும்மா நின்றால் போதும். மகிமா அழுதுகொண்டே இறங்குவாள், மைக் தானாக வந்து சேரும். ஆனால் கடைசிச் சொட்டு ஐஸை நக்கிய அந்த முகம் இப்போது இப்படி ஆகிவிட்டதே! ஜானட்டால் அதைப் பார்க்க முடியவில்லை.

"ஹோல்ட்ட்ட்!"

கொடி மேலே போனது. மைக்கே இல்லாமல் அந்தக் குரல் மைதானத்தைத் தாண்டிப் போனது. தாத்தாக்கள் அத்தனை பேரும் சிலையானார்கள். பம்பை அழுத்தியவரின் கை பாதியில் நின்றது. சிரித்தவர்கள் வாயை மூடினார்கள்.

"பொறாம புடிச்சவ, கெடுத்துட்டா" என்று பின்னாலிருந்து யாரோ முணுமுணுத்தார்கள். ஜானட்டுக்குச் சுரீரென்றது. கொடியை மட்டும் இறக்கவில்லை.

"காரணம் சொல்லும்மா" என்றார் கிருஷ்ணப்பன்.

ஜானட் கொடியை இன்னும் உயர்த்திப் பிடித்தாள். "குரல் இன்னும் தயாரா இல்ல சார்."

யாராவது சிரிப்பார்கள் என்று நினைத்தாள். யாரும் சிரிக்கவில்லை. கிருஷ்ணப்பன் கம்பீரமாகத் தலையசைத்தார். "சரியான காரணம். ஹோல்ட் தொடருது. அப்போ நீ எண்ணுறியா?"

மைக் எட்டும் தூரத்தில் இருந்தது. ஜானட்டுக்குக் கை ஊறியது.

"வேணாம் சார். ஹோல்ட்தான் சொன்னேன். ஆளை மாத்தச் சொல்லல" என்றாள் ஒரே மூச்சில். மனசு மாறிவிடுமோ என்று அவளுக்கே பயமாக இருந்தது.

ஓடிப்போய்த் தாத்தாவின் பிளாஸ்க்கிலிருந்து வெந்நீர் கொண்டுவந்து கொடுத்தாள்.

"எல்லாரும் என்னயே பாக்காவ" என்றாள் மகிமா குரல் நடுங்க.

"நீ என்னைப் பாரு. நீ நம்பர் சொல்லு, நான் விரலை மடக்கறேன். எவனாவது சிரிச்சான், நான் பார்த்துக்கறேன்."

"சீக்கிரம் கண்ணுங்களா, காத்து எறங்கிக்கினே கீது!" என்று கத்தினார் அம்புரோஸ்.

மகிமா ஜானட்டின் விரல்களை மட்டும் பார்த்தாள். "ஆறு... அஞ்சு... நாலு... மூணு... ரெண்டு... ஒண்ணு... பூஜ்யம்!"

கயிறு இழுபட்டது. பாட்டில் தண்ணீரைப் பீய்ச்சிக்கொண்டு தென்னை மர உயரத்துக்குப் பாய்ந்தது. தலைவரின் சால்வை தெப்பலாக நனைந்தது. மைதானமே ஆர்ப்பரித்தது. எல்லோரும் மகிமாவைத் தூக்காத குறையாகக் கொண்டாடினார்கள்.

கூட்டம் விலகியதும் மகிமா ஜானட்டிடம் வந்தாள்.

"உன் தொண்டை கட்டணும்னுதான் ஐஸ் வாங்கித் தந்தேன்" என்று போட்டு உடைத்தாள் ஜானட். "இப்போகூட எனக்குக் கொஞ்சம் பொறாமையாத்தான் கீது."

மகிமா அவளையே பார்த்தாள். பிறகு பக்கென்று சிரித்துவிட்டாள்.

"எனக்குந்தான். நீ ஒரு சத்தம் போட்ட. இத்தன தாத்தாமாரும் கப்சிப்னு ஆயிட்டாவ! அத மாதிரி எனக்கு ஒரு நாளும் வராது. அந்தக் கொடிய எனக்குத் தருவியா?"

ஜானட் இப்படியும் அப்படியும் பார்த்தாள். கொடியை முதுகுக்குப் பின்னால் ஒளித்தாள். அப்புறம் மெல்ல முன்னால் கொண்டுவந்தாள்.

"கொஞ்ச நேரம் புடிச்சிக்கோ. ஆனா திருப்பிக் குடுத்துடணும்!"