கீறல் விழாத பானெட்

அந்தத் தெருவில் ஒரு வீட்டில் தட்டு உடைந்தால், அடுத்த நாலு வீட்டுக்காரர்களும் எந்தத் தட்டு என்று விசாரிப்பார்கள். அப்படிப்பட்ட தெருவில், மிளகு வீட்டுக் கார் மூன்றாவது முறையாக ஆவி கக்கிக்கொண்டு நின்றால் சும்மா விடுவார்களா?

"மறுபடியும் கொதிச்சிடுச்சா?" என்று மாடியிலிருந்து எட்டிப் பார்த்தார் எதிர்வீட்டு மாமா. வருத்தமாகத்தான் கேட்டார். ஆனால் அதைக் கேட்பதற்காகச் சாப்பாட்டைப் பாதியில் விட்டுவிட்டு வந்திருந்தார்.

மிளகுக்கு அழுகை முட்டியது. ஒன்பது வயதுப் பெண். ஆள் சின்னது, வாய் காரம். அதனால் தெரு வைத்த பெயர் அது.

அது அந்தக் காலத்து ஸ்போர்ட்ஸ் கார். வீட்டுக்கு வந்தபோது வெறும் துருப்பிடித்த எலும்புக்கூடு. மெக்கானிக் அம்மா என்ஜினைப் பிரித்து மேய்ந்து உயிர் கொடுத்தாள். டிங்கரிங் வேலை செய்யும் அப்பா, அலுமினியத் தகடு தகடாகத் தட்டிப் புதுப் பாடி கட்டினார். பழைய கார்களுக்கான நெடுந்தூர ராலி நாளைக் காலை. மலைகளைத் தாண்டிப் பல நாள் ஓடவேண்டும். அம்மாதான் ஓட்டுவதாக இருந்தது.

பட்டறைக்குள் கார் நல்ல பிள்ளையாக உறுமும். ரோட்டில் இறக்கினால், கடைத்தெரு முடிவதற்குள் சூடு காட்டும் முள் சிவப்பில் போய் ஒட்டிக்கொள்ளும்.

தெரு உடனே தீர்ப்புச் சொல்லிவிட்டது. "பாடி ராஜா மாதிரி இருக்கு. என்ஜின்தான் உருப்படியா இல்லை."

அம்மாவும் அதை நம்பிவிட்டாள். அதுதான் மிளகுக்குத் தாங்கவில்லை.

"ஏங்க, டயர்க்கடைக்காரர் வண்டியை விலைக்குக் கேட்டாருல்ல? குடுத்துடுங்க."

"என்ன பேசுற? நாளைக்கு ராலி!"

"மாத்த வேண்டியதெல்லாம் மாத்திப் பார்த்துட்டேன். நடு மலையில நின்னுட்டா யாரைக் கூப்பிடுவேன்? எனக்கு வேலை தெரியலைன்னு எல்லாரும் சொல்றாங்க. சரியாத்தான் சொல்றாங்க."

அம்மா கட்டிலில் படுத்துச் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டாள். மிளகு இரண்டு தடவை கூப்பிட்டாள். திரும்பவே இல்லை. சத்தம் போட்டுத் திட்டினால்கூடப் பரவாயில்லை என்றிருந்தது.

வாசல்படியில் உட்கார்ந்து மிளகு யோசித்தாள். அம்மா வேலை செய்யும்போதெல்லாம், என்ஜினை மூடும் பானெட்டைக் கழட்டிச் சுவரில் சாய்த்து வைத்திருப்பாள். அப்போது எவ்வளவு நேரம் ஓடினாலும் என்ஜின் கொதித்ததே இல்லையே!

ஓடிப்போய் அப்பாவிடம் சொன்னாள். "அப்பா, பானெட்டை மூடினாத்தான் கொதிக்குது. சூடு வெளியே போக வழி இல்லையோ?"

அப்பாவின் முகம் சுருங்கியது. "ஒரு ஓட்டை இல்லாம, ஒட்டுத் தெரியாம அடிச்சிருக்கேன். தெருவே வாயைப் பொளந்து பார்க்குது. உனக்கு மட்டும் குறை தெரியுதா?"

அந்தப் பானெட்டைக் குறை சொல்வது, பெற்றவரிடமே போய் உங்கள் பிள்ளைக்கு மூக்கு சப்பை என்பது மாதிரி.

சாயங்காலம், வண்டியை விற்றுவிட்டு வர அப்பா சாவியை எடுத்தார். டயர்க்கடை, கடைத்தெருவின் அந்தக் கோடியில் இருந்தது.

"அப்பா, அங்க லாரியெல்லாம் உரசுற மாதிரி வரும். பானெட்ல கீறல் விழுந்துட்டா? கழட்டி இங்கேயே வச்சுட்டுப் போவோம். அப்புறமாத் தூக்கிட்டுப் போய் மாட்டிக்கலாம்."

கீறல் என்ற சொல்லைக் கேட்டாலே அப்பாவுக்கு உடம்பு நடுங்கும். "அதுவும் சரிதான்," என்று கழட்டி, போர்வை போட்டு மூடினார்.

கடைத்தெருவில் ஒரே நெரிசல். குப்பை லாரிக்குப் பின்னால் கார் ஊர்ந்தது.

"என்னண்ணே, வண்டிக்கு மண்டையைக் காணோம்?" என்று யாரோ சிரித்தார்கள்.

மிளகு முள்ளையே பார்த்தாள். அது பாதி வரை ஏறி, அங்கேயே நின்றது. அவள் வாயைத் திறக்கவில்லை. அவள் நாக்குக்கு அது புது அனுபவம்.

டயர்க்கடை வந்தது. அப்பா நிறுத்தவில்லை. பாலத்து மேட்டில் ஏற்றினார், இறக்கினார், மறுபடி ஏற்றினார். முள் அசையவில்லை.

"அப்பா, கடை போயிடுச்சு."

"தெரியுது." வண்டியை வீட்டுப் பக்கம் திருப்பினார். பிறகு மெதுவாகச் சொன்னார். "மூச்சு விட வழி வைக்காம அடிச்சுட்டேன். பழியை உங்கம்மா சுமக்கிறா. நானும் பார்த்துக்கிட்டு நின்னேன்."

"அம்மாகிட்ட நீங்களே சொல்லிடுங்கப்பா. நான் சொன்னா நம்பாது."

வீட்டுக்கு வந்ததும் அப்பா பானெட்டைத் தூக்கிக்கொண்டு போய்க் கட்டிலருகே வைத்தார்.

"தப்பு உன் என்ஜின்ல இல்லை. இதுல இருக்கு. கழட்டிட்டு ஓட்டினேன், கொதிக்கவே இல்லை. எங்கெங்க வெட்டணும்னு நீயே கோடு போடு."

அம்மா எழுந்து உட்கார்ந்தாள். நம்பாமல் அவரைப் பார்த்தாள். பளபளத்த தகட்டைத் தடவினாள். "இவ்வளவு அழகா அடிச்சதையா?"

"போடு."

மிளகு சாக்பீஸை நீட்டினாள். அம்மா வரிசையாகக் கோடு போட்டாள். பானெட் வாசலுக்கு வந்தது.

"ஐயையோ! அதையா வெட்டப் போறீங்க?" என்று மாடியிலிருந்து அலறினார் எதிர்வீட்டு மாமா.

அப்பா வெட்டும் மெஷினை எடுத்தார். கண்களை இறுக்கி மூடிக்கொண்டார்.

"கண்ணைத் திறந்து வெட்டுங்க," என்றாள் அம்மா. "நாளைக்கு இதோடதான் நான் மலை ஏறணும்."