பன்னிரண்டு நிமிடக் கயிறு

போன் திரையில் காற்றே இல்லை. வேம்பில் ஓர் இலை அசையவில்லை. வாளி கிணற்றுக் கரையில் தனியாகக் கிடந்தது. ஆனாலும் உள்ளே இறங்கியிருந்த கயிறு மட்டும் வெடுக்வெடுக்கென்று ஆடிக்கொண்டிருந்தது.

கணவர் ஆறுமுகச்சாமி எடுத்த ஒரே படத்தைச் சண்முகசுந்தரி பதினைந்து வருடம் கழித்து இன்று மத்தியானம்தான் பார்க்கிறாள். மகள் விழுந்து செத்த கிணறு அது. பார்க்க இத்தனை நாள் மனசு வரவில்லை. லிங்க் அனுப்பியவர் கல்லூரி வாத்தியார் மைதீன் பாட்சா. நாளைக்கு அந்தப் படத்துக்குப் பாராட்டு விழாவாம். போனில் சொன்னார்.

"மதினி, பன்னெண்டு நிமிசம் கேமரா அசையல. ஒரு கயிறு ஆடி ஆடி அடங்குது, அம்புட்டுதான். அண்ணாச்சிக்கு என்ன பொறுமை!"

பொறுமையாம் பொறுமை! சோறு ஆறுகிறவரைக்கும் உட்கார மாட்டாத மனுசன்.

சத்தத்தைக் கூட்டினாள். உருளையின் கிரீச்சு, காக்கை, அதற்கும் அப்பால் கோயில் பக்கமிருந்து ஒலிபெருக்கி கரகரத்து, ஆடித்தபசுத் திருவிழாக் கூட்டத்தைத் தள்ளி நிற்கச் சொல்லிக்கொண்டிருந்தது. அந்தக் கேமரா வீட்டில் இருந்தது ஒரே ஓர் ஆடிமாதம். அந்தத் தபசன்றுதான் நாலு வயது அனுவை அவரிடம் விட்டுவிட்டுக் சாமி காட்சி பார்க்கப் போனாள். திரும்பி வந்தபோது அனு கிணற்றில் கிடந்தாள். பிள்ளை தூங்கியதும் தானும் கோயிலுக்கு வந்துவிட்டதாக, அன்றைக்குக் கேமராவைத் தொடவே இல்லையென்று, தலையிலடித்துச் சத்தியம் செய்தார். ஊர் நம்பியது. பாவி, அவளும் நம்பினாள்.

லென்சுக்கு முன்னால் பீடிப்புகை மெல்லக் கடந்தது. ஓர் இருமல். அவர் இருமல்.

கயிறு ஆடியது. மெதுவாக. இன்னும் மெதுவாக. நின்றது.

படம் நிற்கவில்லை. பதின்மூன்றாவது நிமிடம் ஓடியது.

கிணற்று விளிம்பில் விரல்கள். ஈர விரல்கள். சின்னவை. ஏறி வந்த அனு கேமராவைப் பார்க்கவில்லை. அதற்குப் பின்னால் இருந்தவரைப் பார்த்தாள். நடந்தாள். திரையைவிட்டு வெளியே போனாள்.

வீட்டுக்குள் பாசி வாடை.

வாதம் வந்து இரண்டு வருடமாய்ப் படுத்திருக்கும் அவர் பக்கத்து அறையிலிருந்து கூப்பிட்டார். "ஏட்டி சுந்தரி... இங்கன வா. யாரோ கட்டில்ல ஏறுதாங்க."

சுந்தரி வாசல்வரை போய் நின்றாள். பார்த்தாள்.

"நம்ம அனுதாங்க. அசையாம படுங்க."

நெஞ்சின்மேல் உட்கார்ந்திருந்த பிள்ளை அம்மாவைத் திரும்பிப் பார்த்துவிட்டு, அவர் முகத்துக்கு நேராகக் குனிந்து சிரித்தது. சிரித்த வாயிலிருந்து கிணற்றுத் தண்ணீர் நிற்காமல் ஊற்றியது, அவர் மூக்கிலும் வாயிலும்.