ஆணி பிடுங்கிய நாற்காலி

அந்தப் பழைய நாற்காலியில் ஆணிகள் கொஞ்சம் அதிகம். காலும் முதுகும் ஒழுங்காகத் துளையிட்டுச் செருகியிருக்க, கைப்பிடிகளில் மட்டும் எவனோ விரல் தடிமனில் ஆணிகளை வெறி பிடித்தவன் போல அறைந்து வைத்திருந்தான். தச்சனுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. மூட்டுக்கு ஆணி அடிக்கிறவன் கையை முறிக்க வேண்டும் என்பது அவன் கட்சி.

நிறைமாத மனைவிக்கு வேறெந்த நாற்காலியும் ஒத்துவரவில்லை. போன தடவை பிள்ளை தங்கவில்லை. இந்தத் தடவை அவள் லேசாக முனகினாலே இவனுக்கு உயிர் போய் உயிர் வந்தது. அவளுக்காகத்தான் ஆணிகளை ஒவ்வொன்றாகப் பிடுங்கினான். ஒவ்வொன்றும் கழன்றபோது மரத்துக்குள்ளிருந்து யாரோ மூச்சு விடுவது போல ஒரு சத்தம் வந்தது. பழைய பாலிஷைச் சுரண்டி, உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, மூட்டுகளில் பசை தடவிக் கயிற்றால் இறுக்கிக் கட்டினான். பறந்த தூளில் மரவாசனையே இல்லை, வியர்த்த உடம்பின் நெடிதான் அடித்தது.

மறுநாள் கயிற்றை அவிழ்த்து அளந்தான். கைப்பிடிகளின் இடைவெளி குறைந்திருந்தது. மழைக்காலம், மரம் ஊதத்தான் செய்யும் என்று சமாதானம் சொல்லிக்கொண்டே புதுப் பாலிஷ் அடித்தான். சாயங்காலம் தொட்டபோது கதகதப்பாக இருந்தது. அது வெயில் படாத மூலை.

"இன்னும் காயலை. உக்காந்துடாதே," என்று சொல்லிவிட்டுக் கை கழுவப் போனான். திரும்பி வந்தால், அவள் அதில்தான் சாய்ந்திருந்தாள்.

"எப்பவோ காஞ்சாச்சு. எவ்வளவு பாந்தமா இருக்கு தெரியுமா? இடுப்பைப் பிடிச்சு விடற மாதிரி."

"எந்திரி."

"ஆசையா செஞ்சு குடுத்துட்டு இப்படி விரட்டறீங்களே."

"எந்திரின்னு சொல்றேன்ல."

முயன்றாள். முடியவில்லை. தன் கனத்தைத் தானே கேலி செய்துகொண்டு மறுபடி முயன்றாள். சிரிப்பு நின்றது.

"என்னங்க, வயித்தை அழுத்துது."

இரண்டு கையாலும் கைப்பிடியை வெளியே இழுத்தான். அசையவில்லை. மரத்துக்குள்ளே ஏதோ திமிறியது. கைப்பிடி ஒரு விரற்கடை நெருங்கியது. இன்னொரு விரற்கடை. பிள்ளை. ஐயோ, பிள்ளை.

ரம்பத்தை எடுத்தான். கைப்பிடியில் வைத்து ஒரே இழுப்பு.

அவள் அலறினாள்.

ரம்பம் அவள் மேல் படவே இல்லை. ஆனால் மரத்தின் வெட்டில் ரத்தம் கசிந்தது. அதே பக்கம், அவள் முன்கையில் தோல் பிளந்திருந்தது. பிளவிலிருந்து பொலபொலவென்று மரத்தூள் உதிர்ந்தது.

அவன் கை நின்றுவிட்டது. கைப்பிடிகள் நிற்கவில்லை.

"அறுங்க," என்றாள். "பிள்ளை அசையலைங்க. என்னைப் பாக்காதீங்க. அறுங்க."

அதே வெட்டில் ரம்பத்தை வைத்து இழுத்தான். அவள் பல்லைக் கடித்துக்கொண்டாள். மடியில் தூள் குவிந்துகொண்டே போனது.