முழங்கை அளவு

இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்கு எதிலும் ஒரு அளவு கிடையாது. கால்சட்டை தைத்தால் தெருவைக் கூட்டுகிற மாதிரி தைத்துக்கொள்கிறார்கள். முடியைக் காதுவரைக்கும் இறக்கிவிட்டால் பெரியவன் சொல்வது எப்படிக் கேட்கும்? குளத்து மீனை ஏலம் எடுத்திருக்கும் வேதமுத்துவின் தீர்ப்பு இது. அதற்குச் சாட்சி சொல்ல வந்தவன் மாதிரி, அன்று காலை அவர் குளத்துக்குள்ளேயே ஒருவன் நின்றான்!

பெல்பாட்டத்தை முட்டிக்கு மேலே சுருட்டியிருந்தான். மெல்லிய துணியில் புனல் போலத் தைத்த வலை ஒன்றைக் கயிறு கட்டி இழுத்துக்கொண்டிருந்தான்.

"ஏலே! யாருலே அது? மீன் குஞ்சைக் களவாங்குத?"

அவர் கத்தி முடிக்கவில்லை. மகள் ஞானபூரணம் குளத்தில் கொட்ட எடுத்துவந்த சாணிக் கூடையைப் போட்டுவிட்டு ஓடினாள். கயிற்றைப் பிடித்து ஒரே இழுப்பு... தொபுக்கென்று அவன் தண்ணீருக்குள்!

எழுந்தபோது முடி, மீசை எல்லாம் பச்சைப் பாசி. அவள் வாய்விட்டுச் சிரித்தாள். கோபமாக நிமிர்ந்தவன் அவளைப் பார்த்தான்... கோபத்தை எங்கே வைத்தோம் என்றே மறந்துபோனான்.

"நான் களவாணி இல்லங்க. வந்த பஸ் பஞ்சர். தண்ணி இம்புட்டுப் பச்சையா கிடக்கேன்னு பார்க்க இறங்குனேன்."

"பஸ் பஞ்சரானா டீக்கடைக்குப் போவாங்க. குளத்துலயா விழுவாங்க?"

"நான் விழல. நீங்கல்லா தள்ளிவிட்டீங்க!"

பெயர் தேவசுந்தரமாம். தூத்துக்குடியில் மீன் படிப்பு படித்துவிட்டு, வாசுதேவநல்லூர்ப் பக்கத்துக் குளங்களைச் சோதிக்கப் போகிறானாம். மீனே படிக்கவில்லை, மீனுக்கு ஒரு படிப்பா என்று வேதமுத்து நினைத்துக்கொண்டார்.

வலையின் நுனியில் ஒரு சின்னப் புட்டி. அதிலிருந்து ஒரு சொட்டை எடுத்துக் கண்ணாடித் துண்டில் விட்டு, லென்ஸை ஞானபூரணத்திடம் நீட்டினான்.

"எப்பா! ஒரு சொட்டுக்குள்ள ஒரு திருவிழாவே நடக்குப்பா! ஒண்ணு பம்பரமாச் சுத்துது... ஒண்ணு முட்டையைத் தூக்கிக்கிட்டு ஓடுது!"

"அதான் பிளாங்டன். மிதக்குற பாசியும் பூச்சியும். மீனுக்கு அதுதான் சோறு. எது கூட, எது குறையன்னு பார்த்தா தண்ணியோட நோய் தெரிஞ்சிரும்..." பேச்சு தண்ணீரைப் பற்றி. பார்வை மட்டும் அவள் கண்ணை விட்டு நகரவில்லை.

"இங்க பூச்சி கொஞ்சம், பாசி ரொம்ப. சாணி கூடிப்போச்சு அண்ணாச்சி. வானம் மூடம் போட்டு, காத்தும் இல்லன்னா விடியக்காலைல மீனோட மூச்சையும் பாசியே இழுத்துரும்."

"நீ ஜோசியமும் பார்ப்பியோ?"

"கையைத் தண்ணிக்குள்ள விட்டுப் பாருங்க. முழங்கை நனையுற மட்டும் உள்ளங்கை தெரியணும். அதுக்குப் பெறகுதான் மறையணும். இங்கன மணிக்கட்டு நனையுமுன்னயே கையைக் காணோம்."

ஞானபூரணமும் அவன் பக்கத்தில் கையை விட்டாள். பச்சைக்குள் இரண்டு கையும் மறைந்தன. திடீரென்று அவள் வெடுக்கென்று கையை எடுத்தாள்.

"என்னட்டி?"

"ஒண்ணுமில்லப்பா... மீன்."

முகம் ஏன் அப்படிச் சிவந்தது? வெயில்தான் என்று நினைத்துக்கொண்டார் வேதமுத்து.

"எங்க அப்பன் காலத்துலருந்து சாணி போடுதோம் வே. பூச்சிகிட்ட கேட்டா குளத்தை நடத்தணும்? போ, உன் பஸ்ஸைப் பாரு!"

அவன் போனான். திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டேதான் போனான்.

மீனின் கண்ணைப் பார்த்தே பிடித்து எவ்வளவு நேரமாயிற்று என்று சொல்லிவிடுவார் வேதமுத்து. அந்த வாரம் முழுக்க மகளின் கண் ரோட்டிலேயே கிடந்தது. அது மட்டும் அவருக்குப் பிடிபடவில்லை.

அடுத்த வாரம் வானம் மூடம் போட்டது. ஒரு இலை அசையவில்லை. விடியும்போது வேதமுத்து குளத்தைப் பார்த்தார். கட்லாவும் ரோகுவும் மேலே வந்து வாயைப் பிளந்து பிளந்து மூடின... குளம் முழுக்க வாய்!

ஞானபூரணம் ரோட்டுக்கு ஓடினாள். முதல் பஸ்ஸை மறித்தாள். அதிலிருந்து அவன் குதித்தான்!

"அவன் இதுலதான் வாரான்னு உனக்கு எப்படித் தெரியும்?" என்று கேட்க வேதமுத்துவுக்கு அப்போது நேரமில்லை.

"அண்ணாச்சி, கிணத்து மோட்டாரைப் போடுங்க! தண்ணி உயரத்துலருந்து சிதறி விழணும். பூரணம், மூங்கிலை எடு, தண்ணியை அடி!"

எப்போதிருந்து வெறும் பூரணம்? அதையும் கேட்க நேரமில்லை.

"ஒரு மீன் மல்லாந்தாலும் நீ இந்தப் பக்கம் கால் வைக்கப்படாதுலே!"

மூங்கிலை ஓங்கியிருந்த மகளின் கை ஒரு கணம் நின்றது. அப்புறம் அடித்தாளே ஒரு அடி! மீனுக்காக மட்டுமா அடித்தாள்... மூன்று பேரும் இடுப்பளவுத் தண்ணீரில் நின்று அடித்தார்கள். மோட்டார் தண்ணீர் மேலிருந்து சிதறியது. பிறகு மேற்கு மலையிலிருந்து காற்று வந்தது. காற்றுக்குப் பின்னாலேயே மழை! மழைத்துளி நின்ற அவள் இமையையே பார்த்துக்கொண்டு அவன் மூங்கிலைக் கை தவற விட்டான். வாய்கள் ஒவ்வொன்றாக உள்ளே போயின. ஒரு மீன்கூட மல்லாந்து மிதக்கவில்லை.

சொன்ன சொல்லை மாற்ற முடியுமா? வரச் சொன்னார். சாணியையும் நிறுத்தினார்... மாடு இளைத்துவிட்டது, சாணி கிடைக்கவில்லை என்று ஊரில் சொல்லிக்கொண்டார். அவன் வாராவாரம் வந்தான். லென்ஸில் பூச்சி கூடியது, பாசி குறைந்தது. அப்புறம் அளவு. அவனும் அவளும் கரையில் உட்கார்ந்து தண்ணீருக்குள் கையை விட்டு அளந்தார்கள்... அளந்தார்கள்... அளந்துகொண்டே இருந்தார்கள்.

'கை மறையுதா இல்லையான்னு பார்க்க இம்புட்டு நேரமா?'

ஒருநாள் வேதமுத்து பின்னால் வந்து எட்டிப் பார்த்தார். முழங்கை வரை தண்ணீர் தெளிந்திருந்தது. அடியில் இரண்டு கைகள்... விரலோடு விரல் கோத்து, அசையாமல்!

தண்ணீர் தெளிந்ததை அந்த இரண்டு பேரும் கவனிக்கவேயில்லை.

"ஏட்டி... இது என்ன மீனு? அஞ்சு விரல் இருக்கு?"

அவன் கையை இழுக்கப் பார்த்தான். அவள் விடவில்லை.

"மீன் இல்லப்பா. அன்னைக்கும் மீன் இல்ல." கோத்த விரலை இன்னும் இறுக்கினாள். "கட்டுனா இவங்களைத்தான் கட்டுவேன்."

தேவசுந்தரமும் வாய் திறந்தான். "அன்னைக்குத் தண்ணிக்குள்ள தள்ளிவிட்டாங்கல்லா... நான் இன்னும் கரையேறல, மாமா."

மாமாவாம்! வேதமுத்து இரண்டு பேரையும் பார்த்தார். மகள் கண்ணைப் பார்த்தார். இந்த முறை பிடிபட்டது.

"ஞாயித்துக்கிழமை ஆராதனை முடிஞ்சதும் உங்க அய்யாவைக் கூட்டிக்கிட்டு வா."

"அப்போ பிளாங்டன் பார்த்துத்தான் தண்ணி சரியாச்சுன்னு ஒத்துக்கிடுதீங்களா?"

"மழை பெய்ஞ்சுது, தெளிஞ்சுது. பூச்சியாம் பூச்சி!"

துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு நடந்தார். கண்ணுக்குத் தெரியாததை எவன் நம்புவான்? பின்னால் ஒரு சிரிப்பு கேட்டது. அவர் திரும்பிப் பார்க்கவில்லை.

"அளந்தது போதும். கையை வெளிய எடுங்க ரெண்டு பேரும்!"

எடுத்தார்களோ என்னவோ... கண்ணால் பார்க்காததை அவர் நம்புவதில்லை.