ரெண்டு வண்டி, ஒரு உயிர்

"அண்ணா..."

சாப்பாட்டுப் பையோடு ஷெட்டின் ஷட்டரைத் தூக்கிய தங்கை, பையைப் போட்டுவிட்டு உள்ளே ஓடினாள்.

மெக்கானிக் அண்ணன் இரண்டு கார்களுக்கு நடுவே கிடந்தான். தலையைச் சுற்றி ரத்தம். பக்கத்தில் ஜாக்கி ராடு.

மூச்சு இருந்தது.

ஆம்புலன்ஸுக்குப் போன் போட்டாள்.

"முக்கால் மணி நேரம் ஆகும்மா."

அதுவரை தாங்காது.

தொண்ணூறுகளின் கடைசியில் வந்த வெள்ளைக் காரில் ஏறினாள். சாவி இல்லை. சுவரில் சாவி மாட்டும் ஆணிகளும் காலி. ஸ்டியரிங் பூட்டிக்கொண்டு அசைய மறுத்தது.

"அது வேணாம்..." அண்ணனின் குரல் கிணற்றுக்குள்ளிருந்து வந்தது. "சாவியிலேயே சிப் இருக்கு. அது இல்லாம கிளம்பாது. கிழவியை எடு."

கிழவி என்பது ஐம்பதுகளில் பிறந்த கறுப்புக் கார். ஏசி கிடையாது, பவர் ஸ்டியரிங் கிடையாது, வீம்பு மட்டும் உண்டு.

"அதுக்கும் சாவி இல்லையேண்ணா."

"தேஞ்ச பூட்டு... ஸ்க்ரூ டிரைவரை விட்டுத் திருப்பு. ஸ்டார்ட்டர் குமிழை இழு."

அண்ணனைப் பின்சீட்டில் ஏற்றுவதற்குள் அவள் உடையெல்லாம் ரத்தம்.

திருப்பினாள். இழுத்தாள். கிழவி இருமினாள்... அடங்கினாள்.

"சோக்கை இழுடி..."

மறுபடி இழுத்தாள். ஷெட்டே அதிர்ந்தது. உயிர் வந்துவிட்டது.

ஸ்டியரிங்கில் தொங்கித் தொங்கித் திருப்பினாள்.

"யாருண்ணா அடிச்சது?"

"வெள்ளைக் கார்க்காரன்... காலையில விட்டான். பம்பர்ல ரத்தம். யாரையோ இடிச்சிட்டு நிக்காம வந்திருக்கான். போலீஸ்ல சொல்வேன்னேன்... ராடால போட்டுட்டான். செத்துட்டேன்னு நினைச்சு, இருட்டினதும் வந்து வண்டியை எடுத்துக்கலாம்னு சாவியெல்லாம் அள்ளிக்கிட்டுப் போயிட்டான்."

ஆஸ்பத்திரி வாசலுக்கு ஸ்ட்ரெச்சர் வந்தது. பின்னாலேயே டாக்டர்.

"தியேட்டருக்குக் கொண்டு போங்க. கூட வந்தவங்க இங்கேயே நில்லுங்க."

அண்ணன் அவள் மணிக்கட்டை இறுக்கினான்.

"இவன்தான்..."

பக்கத்தில் நின்ற நர்ஸைத் தனியே இழுத்தாள்.

"வேற டாக்டர் இல்லையா சிஸ்டர்?"

"இன்னைக்கு இவர் ஒருத்தர்தான்மா," என்றாள் நர்ஸ்.

அடுத்த ஆஸ்பத்திரிக்கு ஒரு மணி நேரம். அண்ணனுக்கு அவ்வளவு நேரம் இல்லை.

போனை எடுத்தாள். போலீஸுக்கு எல்லாவற்றையும் சொன்னாள், டாக்டரின் காதில் விழும்படி.

பிறகு அவரிடம் திரும்பினாள்.

"டாக்டர், எங்கண்ணன் பிழைச்சா உங்க மேல கொலை முயற்சி. செத்தா கொலை. எதுன்னு நீங்களே பார்த்துக்கோங்க."

டாக்டரின் முகத்தில் ஈயாடவில்லை. கையுறையை மாட்டினார்.

இரண்டரை மணி நேரம். தியேட்டர் வாசலில் இரண்டு போலீஸ்காரர்கள் காத்திருந்தார்கள்.

பத்து நாள் கழித்து, அண்ணனின் தலைக்கட்டைப் பிரித்த புது டாக்டர் அசந்து போனார்.

"இவ்வளவு பார்த்துப் பார்த்துத் தையல் போட்டிருக்காரே... யாரும்மா அந்த டாக்டர்? எங்க இருக்கார்?"

"உள்ளதான் இருக்கார் சார்," என்றாள் தங்கை. "கம்பி எண்ணிக்கிட்டு."