ஆரஞ்சுப்பூ கிட்டே வருகிறது

புகை கண்ணைக் கரித்த பிறகுதான் கத்தரிக்காய் கருகியது அம்சவள்ளிக்குத் தெரிந்தது. கொரோனா வந்துபோனதிலிருந்து அவளுக்கு எந்த வாசனையும் வருவதில்லை. காபித்தூளும் மண்ணெண்ணெயும் அவளுக்கு ஒன்றுதான். ஆனால் சட்டியை இறக்கிவைத்து நிமிர்ந்தபோது, கொல்லைக் கதவுப் பக்கமிருந்து ஆரஞ்சுப்பூ மணத்தது.

அவள் அசையாமல் நின்றாள். வெளியே ஐப்பசி மழை. பங்குனியில் பூக்கும் மரம் அது, அதுவும் மலைமேல் வெள்ளிமலையில். அங்கே காய்ச்சி வடித்த எண்ணெய் கொஞ்சம் முன்னறை அலமாரியில் பூட்டிக் கிடக்கிறது. கொல்லையிலோ துவைக்கிற கல்லும் தென்னையும் தவிர எதுவும் இல்லை. மூச்சை உள்ளே இழுத்தாள். அழுகை வந்துவிடும்போல் இருந்தது.

"இன்னாக்கா, கத்தரிக்காயக் கொளுத்திட்டியா? தெருவே நாறுது!" முன்னறையிலிருந்து தங்கை செவ்வந்தியின் குரல்.

"அவ மூக்குக்கு லீவு வுட்டுட்டாங்க." கொளஞ்சியப்பன் சிரித்தான்.

"சும்மா இரு மாமா. பாவம்."

கணவனின் சிரிப்பு அவளுக்குப் பெரிதாய்ப் படவில்லை. அந்தப் 'பாவம்'தான் குத்தியது. காய்ச்சலில் கிடந்தபோது கஞ்சி வைத்துக்கொடுக்க வந்தவள் செவ்வந்தி. வந்தவள் முன்னறையில் அம்சவள்ளி சென்ட் கலக்கும் நாற்காலியில் உட்கார்ந்தாள், அவளுடைய புட்டிகளைத் திறந்தாள், வாசனை எண்ணெய்களைக் கலந்தாள். நன்றாகவே கலந்தாள். இப்போது கொளஞ்சியப்பன் சென்ட்டில் தோய்த்த காகிதப் பட்டையை முகர்ந்து கண்ணை மூடுவது செவ்வந்தியின் முன்னால்தான். புதுச்சேரியிலிருந்து வியாபாரி இன்று பொழுதுசாய வருகிறார், ஒரு கல்யாணத்துக்கான ஆரஞ்சுப்பூ சென்ட்டுக்காக. அதை யார் கலந்து காட்டுகிறார்களோ அவர்களுக்கே இனி அந்த நாற்காலி என்று அவன் காலையில் சொல்லிவிட்டான்.

அம்சவள்ளி முன்னறைக்குப் போனாள்.

"ஆரஞ்சுப்பூ புட்டியத் தொறந்தியா?"

"இல்லியே. பூட்டிதான் கெடக்குது. ஏன்க்கா, வாசனை வருதா?"

"இல்ல."

பக்கத்து வீட்டுக்காரி தலைக்குத் தேய்த்த எண்ணெய் நேற்றையதா இன்றையதா என்றுகூடச் சொல்லிவிடுவாள் செவ்வந்தி. அவளுக்கே இந்த வாசனை வரவில்லை. எனக்கு மட்டும்தான், என்று நினைத்தபோது அம்சவள்ளியின் நெஞ்சில் ஒரு குளிர்ச்சி பரவியது. சொல்ல மாட்டாள். தங்கையிடம் கண்டிப்பாகச் சொல்ல மாட்டாள்.

வியாபாரியை அழைத்துவரக் கொளஞ்சியப்பன் குடையோடு பஸ் ஸ்டாண்டுக்குக் கிளம்பினான். அவன் தலை மறைந்ததும் அம்சவள்ளி கொல்லைக் கதவைத் திறந்தாள். ஓட்டிலிருந்து வழிந்த நீர் மண்ணைக் குழியாக்கிக்கொண்டிருந்தது, தென்னையின் உருவம் மழையில் கரைந்து வேலியோடு ஒன்றாகியிருந்தது, துவைக்கிற கல்லருகே வாசனை ஓர் ஆள் நிற்பதுபோல் ஓரிடத்திலேயே நின்றது.

"வா," என்றாள். "உள்ள வா."

அது வாசற்படிக்கு வந்தது. அடுப்படிக்கு வந்தது. அந்த எண்ணெயின் குணம் அவளுக்கு நன்றாகத் தெரியும். கரைத்துத் தெளித்தால் மணப்பெண்ணின் தலை. கெட்டியாக மூக்கருகே வைத்தால் பூவின் அடியில் வேறொன்று கிடக்கும், மாலையோடு மூடிவைத்த அறையின் வாடை. தூரத்தில் இருக்கும்வரைதான் அது பூ. இப்போது இனிப்பு தடித்து, தொண்டையில் மாவுபோல் ஒட்டியது.

கரண்ட் போனது.

"யாருக்கா உள்ள வந்தது?" செவ்வந்தியின் குரலில் சிரிப்பு இல்லை. "தரையெல்லாம் ஈரமா கீது."

"நான்தான்."

"நீ அங்க இல்ல நிக்கிற? இங்க என் காலாண்ட ஈரம்."

"நான்தான்னு சொல்றேன்ல. எழுந்திரு. நான் ஒக்காரணும்."

"ஒக்காரேன். ஒன் நாற்காலிதான? நான் இன்னா தூக்கிக்கினா போவப்போறேன்?" செவ்வந்தி சுவரைத் தடவிக்கொண்டு மெழுகுவத்தி தேட அடுப்படிக்குப் போனாள்.

அம்சவள்ளி முன்னறைக்கு வந்து உட்கார்ந்தாள். நாற்காலியின் மரக்கை உள்ளங்கைக்குப் பழகியதாக இருந்தது. புட்டிகளின் குளிர்ந்த கழுத்துகள். எல்லாம் தன்னுடையது. இன்னும் கொஞ்சம். மூக்கு முழுசாகத் திறந்துவிட்டால் போதும்.

"இன்னும் கிட்ட வா."

வந்தது.

பூ இல்லை இப்போது. அழுகல். நனைந்த துணி. மண். மூக்கு அடைத்துப்போனது. இந்த வேலையில் மூக்கு திணறினால் முழங்கை மடிப்பில் முகத்தைப் புதைத்துக்கொள்வார்கள். சொந்தத் தோலின் வாசனை மற்ற எல்லாவற்றையும் துடைத்துவிடும். அவள் இருட்டில் முகத்தைச் சாய்த்தாள். முழங்கை மடிப்பு மூக்கில் பட்டது. ஆழமாக இழுத்தாள்.

குளிர்ந்திருந்தது.

ஈரம். தோலுக்கு அடியில் ஏதோ இதழ் இதழாக நழுவியது.

அடுப்படியில் தீக்குச்சி உரசும் சத்தம். மஞ்சள் வெளிச்சம் சுவரில் ஊர்ந்து வந்தது. முதலில் புட்டிகள். பிறகு மேசை. மேசையின் விளிம்பைப் பிடித்தபடி நீண்டு கிடந்த இரண்டு கைகள். அவளுடைய வளையல்கள். இரண்டும் அவளுடைய கைகள்தான்.

முகத்தைச் சுற்றியிருந்த முழங்கை மடிப்பு மெல்ல இறுகியது.

செவ்வந்தி அடுப்படி வாசலில் மெழுகுவத்தியோடு நின்றாள். அவள் அக்காவைப் பார்க்கவில்லை. நாற்காலிக்குப் பின்னால், ஓட்டுக் கூரையை ஒட்டி, வெகு உயரத்தில் எதையோ அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தாள்.