ராஜமாணிக்கம் வீட்டுக் கோமாளி மீன்கள்

“மீன் புடிக்கிற ஊட்டுல பொறந்தவ சார் நானு. வெரல் நீள மீனையா திருடுவேன்?”

கடைக்குள் நுழைந்ததுமே கங்கம்மாள் புலம்பினாள். கும்மிடிப்பூண்டி கடைவீதியில் வண்ணமீன் கடை வைத்திருக்கும் சபரிநாதனுக்கு இந்த மாதிரி வம்பு என்றால் மூக்கு வியர்க்கும் என்று யாரோ சொல்லி அனுப்பியிருந்தார்கள். சிப்காட்டில் வால்வு கம்பெனி நடத்தும் ராஜமாணிக்கம் வீட்டில் மீன்தொட்டி கழுவுவது அவள் வேலை. அவருடைய அருமையான ஜோடி பெர்குலா கோமாளி மீனை எடுத்துக்கொண்டு, அதே சாயலில் இருக்கும் மலிவான ஒசெல்லாரிஸ் ஜோடியை விட்டுவிட்டாள் என்று மனுஷன் இன்று காலை தெருவில் நின்று கத்தியிருக்கிறார். அதே தெருவில் இன்னும் மூன்று வீட்டில் அவளுக்கு வேலை. மூன்று வீட்டிலும் நாளையிலிருந்து வராதே என்றுவிட்டார்கள். ஐந்து மணிக்கு அவர் போலீசுக்கு வேறு போகிறாராம்.

கடையில் உதவிக்கு இருந்த தேவதர்ஷினி, சபரிநாதன் எழுந்திருக்கும் முன்பே ஓடிப்போய் ஆட்டோ பிடித்துவிட்டாள்.

ராஜமாணிக்கம் தன் வீட்டு மீன்தொட்டி பக்கத்தில் நின்று கைப்பேசியை நீட்டினார். விநாயகர் சதுர்த்தியன்று எடுத்த படம். “பாருங்க, அன்னிக்கு வெள்ளைப் பட்டையைச் சுத்தி எவ்ளோ தடியா கறுப்பு. இன்னிக்கு நூல் மாதிரி இருக்கு.”

“அந்தக் கறுப்பு ஒரே மீனுக்கே நாளாக நாளாக மாறும். அதை வெச்சு முடிவு பண்ண முடியாது,” என்றார் சபரிநாதன்.

“அப்போ மீன் மாறவே இல்ல சார்,” என்று துள்ளினாள் தேவதர்ஷினி.

“அவசரப்படாதே. கண்ணைப் பாரு. படத்துல பாவையைச் சுத்தி பளிச்னு ஆரஞ்சு வளையம், தொட்டியில மங்கல். படத்துல முதுகுத் துடுப்புல பத்து முள்ளு. தொட்டியில எத்தனை?”

கண்ணாடியில் மூக்கு அழுந்த அழுந்த அவள் எண்ணினாள். “ரெண்டுக்கும் பதினொண்ணு சார்.”

“அப்போ இது ஒசெல்லாரிஸ்தான். யாரோ மாத்தியிருக்காங்க.”

இந்த ஆளைப் போய்க் கூட்டி வந்தோமே என்று கங்கம்மாள் நொந்துபோனாள்.

சபரிநாதன் குனிந்து, தொட்டிக்குக் கீழே இருந்த ஏர் பம்பை எடுத்தார். அதன் தலையில் சந்தனமும் குங்குமமும் காய்ந்திருந்தன. அடியில் இருந்த பஞ்சை இழுத்து முகர்ந்து பார்த்தார்.

“முந்தாநாள் ஆயுத பூஜையன்னிக்கு நீங்க எங்கே சார்?”

“கம்பெனியில. மெஷினுக்கெல்லாம் படைச்சிட்டு ராத்திரிதான் வந்தேன்.”

“கங்கம்மா நீ?”

“பழவேற்காட்டுல சார். எங்க மீன்புடி போட்டு இன்ஜினுக்குப் படைக்கணும்ல. ரெண்டு நாளு லீவு சொல்லிகினுதான் போனேன்.”

“அப்போ மிக்ஸி, ஃபிரிட்ஜ், இந்தப் பம்பு எல்லாத்துக்கும் பொட்டு வெச்சது யாரு?”

சமையலறை வாசலில் நின்றிருந்த ராஜமாணிக்கத்தின் மனைவி புவனேஸ்வரி தலையைக் குனிந்துகொண்டாள்.

“பொட்டால ஒண்ணுமில்லம்மா. சாம்பிராணியைப் பம்புக்குப் பக்கத்துலயே வெச்சிட்டீங்க. வெளிக்காத்தை இழுத்துத் தண்ணிக்குள்ள விடுற சாமான் இது. புகையையும் சேர்த்து இழுத்து விட்டிருக்கு, மீன் ரெண்டும் செத்துப்போச்சு. பஞ்சுல இன்னும் வாசம் போகல. திருடுறவங்க மெனக்கெட்டு வேற மீன் வாங்கி விடமாட்டாங்க. செத்துப்போச்சுன்னு சொல்லப் பயந்தவங்கதான் விடுவாங்க.”

புவனேஸ்வரி அழுதாள். “பூஜையும் அதுவுமா செத்துதுன்னா இவரு தாம்தூம்னு குதிப்பாரு. அதான் இவரு வர்றதுக்குள்ள வாங்கி விட்டேன். கங்கம்மா மேல பழி வரும்னு நெனைக்கல.”

“காலையில இவரு கத்துறப்பவாவது சொல்லியிருக்கலாமே?” என்று தேவதர்ஷினி கேட்டாள்.

ராஜமாணிக்கம் பெருமூச்சு விட்டார். “சரி விடு புவனா, மீன்தானே. கங்கம்மா, நீயும் மனசுல வெச்சுக்காதே. நாளைக்கு வந்துடு.”

இவ்வளவு நேரம் ஒதுங்கி நின்ற கங்கம்மாளுக்கு இப்போதுதான் ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது.

“நான் எடுத்தேன்னா போலீசு. அவங்க கையால செத்தா மீன்தானேவா சார்? என்னைத் தெருவுல நிக்க வெச்சித் திருடின்னீங்க. திருடலன்னு ஊட்டுக்குள்ள மட்டும் சொன்னா எனக்கு யாரு வேலை குடுப்பாங்க?”

ராஜமாணிக்கம் மனைவியைப் பார்த்தார், சபரிநாதனைப் பார்த்தார். மெல்லச் செருப்பை மாட்டிக்கொண்டார்.

கங்கம்மாள் முன்னால் நடந்து, அவளை வராதே என்றுவிட்ட எதிர்வீட்டின் மணியை அழுத்தினாள்.

“அக்கா, கொஞ்சம் வெளிய வாங்க. சாரு உங்ககிட்ட ஒண்ணு சொல்லணுமாம்.”